பெருமாள்சாமி அண்ணாச்சியின் மெயில்கள்

போன மாதம் எங்கள் பழைய காலண்டர் பிரஸ்ஸிலிருந்து கவிதா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து வந்த முதல் போன் அது. நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, டி.வி.யை நிறுத்திவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"மேடம், நம்ம டொமைன்ல எஸ்.பி.எஃப்.னு ஒரு வரி கெடக்கு. அதுல ஒரு சர்வர் பேரு இருக்கு. என்னன்னு இங்கன யாருக்கும் தெரியல. நீங்க போட்டதுன்னு சொன்னாக. அழிச்சிரலாமா?"

மொத்தமாக மெயில் அனுப்பும் கம்பெனிகள் இந்த வரிகளைச் சரியாக வைத்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று பெரிய மெயில் கம்பெனிகள் கட்டாயமாக்கிவிட்டார்களாம். அந்த சர்வர் வைத்திருந்த சென்னைக்காரர்கள் கடையை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, தாராளமாக அழித்துவிடு என்றேன். "தேங்ஸ் மேடம்" என்று வைத்துவிட்டாள். ஏன் போட்டேன், எப்படிப் போட்டேன் என்று அவள் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. பழகி, திருத்தங்கலில் அந்த பிரஸ்ஸில் சேர்ந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். மெயில் வேலை என்னிடம் வந்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. கம்ப்யூட்டர் இருந்த அறையில் நான் இருந்தேன். மெயில் கம்ப்யூட்டரில் வந்தது. அவ்வளவுதான்.

அது கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. ஏ.சி. எனக்காக இல்லை, மெஷினுக்காக. கதவுக்கு அந்தப் பக்கம் பைண்டிங் பகுதி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலண்டர் அட்டைக்கு மேலே தகரம் அடிப்பார்கள். பேசுவார்கள், சிரிப்பார்கள். எனக்கு வாய் அசைவது மட்டும் தெரியும். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து ஒருத்தருக்கொருத்தர் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில் நானும் போய் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது. "மேடம், நீங்க உள்ள ஏ.சி.ல சாப்பிடலாம்ல?" என்றாள் ஒருத்தி. மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு உள்ளேயே சாப்பிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு விருதுநகர் வீட்டிலும் நான் மட்டும்தான். சில நாட்களில் பஸ் கண்டக்டரிடம் "திருத்தங்கல் ஒண்ணு" என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பேசிய பேச்சாக இருக்கும்.

அந்த அறைக்குள் வேலையில்லாமலும் வருகிற ஒரே ஆள் பெருமாள்சாமி அண்ணாச்சி. அவர் லைனுக்குப் போகிறவர். அதாவது மாதிரிப் படங்களைத் தொகுத்த காலண்டர் ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு தேனி, கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று ஆர்டர் எடுத்து வருவது அவர் வேலை. சொந்த ஊர் மல்லாங்கிணறு. வானம் பார்த்த நிலம் கொஞ்சம் உண்டு. அதை மகன் பார்த்துக்கொண்டான். ஊர் திரும்பிய மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறைக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"என்ன தாயி, கொடைக்கானல்ல குளிரு எப்படி இருக்கு?"

என் ஏ.சி. அறைக்கு அவர் வைத்த பெயர் கொடைக்கானல். பிறகு லைன் கதைகள் வரும். தேனி ஜவுளிக்கடைக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன், பழனியில் இரண்டு பங்காளிகள் ஒரே கடைக்கு நடுவில் சுவர் வைத்தது, பொள்ளாச்சி மளிகைக்கடை அம்மா காலண்டரில் முருகனை மட்டும்தான் போடச் சொல்வது. நான் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். பார்க்காத ஊர்களில் எனக்கு நூறு பேரைத் தெரியும்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் என் அறைக்குள் வந்ததே இல்லை. வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு காலை வாசற்படியில் வைத்து, பாதி உடம்பை உள்ளே நீட்டி, ஏ.சி. காற்று முழுக்க வெளியே போக நின்றபடி பேசுவார். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு பேச்சு கேள்வியில்லாமல் முடியாது. பாராட்டு என்று ஒன்றை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. திட்டாமல் நகர்ந்தால் திருப்தி என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

சிவகாசிப் பக்கத்தில் காலண்டர் தொழிலுக்கு ஆடி பதினெட்டுதான் வருஷப் பிறப்பு. அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து பூஜை போட்டு, அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளைக்கூட வெளியாளிடம் காட்டமாட்டார்கள். ரெண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில், ஆடி பிறக்கும் சமயம், முதலாளி வாசற்படியில் வந்து நின்றார். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருசம் ஆல்பத்தை மெயில்ல விட்டா என்ன? பூசை முடிஞ்சதும் நல்ல நேரத்துக்குள்ள அம்புட்டுப் பேருக்கும் போயிரணும். என்ன? ஒழுங்காப் போயிருச்சுன்னா, பெருமாள்சாமி இன்னும் எதுக்கு வெயில்ல அலையணும்?"

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். முதலாளி போன பிறகு, "நல்லதுதான் தாயி, முழங்காலும் முன்ன மாதிரி இல்லை" என்றார். அவர் வேலை என் கையில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்கும்.

ஆடி பதினெட்டு அன்று சூடம் அணைவதற்குள் அனுப்பத் தொடங்கினேன். சிவகாசி கம்ப்யூட்டர் கடைக்காரர் கொடுத்த ஒரு சி.டி.யில் மொத்தமாக மெயில் அனுப்பும் சாப்ட்வேர் இருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் எல்லா மெயிலும் போய்விட்டது. முதலாளி நெற்றியில் திருநீறோடு வந்து நின்றார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு போன் இல்லை, ஒரு பதில் இல்லை. தபாலில் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் கவர் திரும்பி வரும், முத்திரை குத்தி காரணம் எழுதியிருப்பான். மெயில் அப்படித் திரும்பவும் இல்லை. பக்கத்து பிரஸ்களில் ஆர்டர் புக் ஆகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முதலாளி தினமும் வாசற்படிக்கு வந்தார்.

"அனுப்புனியா, இல்ல அனுப்புன மாதிரி இருக்கா?"

அனுப்பிய மெயில்கள் வரிசையாக இருப்பதைத் திரையில் காட்டினேன். அவர் காலண்டரைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைப்பதை மறுக்க எனக்கு ஒரு சாட்சி கிடையாது. அந்த நாட்களில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைசியில் ஆல்பத்தோடு அண்ணாச்சியையே லைனுக்கு அனுப்பினார்கள். ரெண்டாம் நாள் தேனியிலிருந்து போன் வந்தது.

"தாயி, கெடக்கு! நீ அனுப்புனது கெடக்கு. ஆனா குப்பையில கெடக்கு."

ஜவுளிக்கடைக்காரர் மகன் கம்ப்யூட்டரைத் திறந்து, ஸ்பேம் என்ற குப்பைப் பெட்டியில் காட்டியிருக்கிறான். லாட்டரி பரிசு, வெளிநாட்டு மாத்திரை, இவற்றுக்கு நடுவில் எங்கள் முருகன் காலண்டர். அண்ணாச்சி போன கடையிலெல்லாம் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே கதைதான். நான் போனிலேயே சொல்லச் சொல்ல, அந்தப் பையன் அந்த மெயிலின் தலைப்பகுதியை முழுசாக எனக்குத் திருப்பி அனுப்பினான். எந்த சர்வர் வழியாக வந்தது, வழியில் என்னென்ன சோதனை நடந்தது என்ற விவரம் அதில் இருக்கும்.

விஷயம் இதுதான். மெயிலில் அனுப்புநர் இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். அதனால் வாங்கும் சர்வர், அந்தப் பெயருக்குரிய டொமைனின் பதிவேட்டைப் பார்க்கும். 'எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வருக்கு மட்டும் அனுமதி' என்று ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். அதுதான் எஸ்.பி.எஃப். எங்களிடம் அந்த வரியே கிடையாது. அதோடு அந்த சி.டி. சாப்ட்வேர், எங்கள் ஆபீஸ் பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து நேராக மெயிலை வீசியிருக்கிறது. வருஷம் முழுக்க வாயைத் திறக்காத ஒரு டொமைன், திடீரென்று ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பினால் எந்த சர்வருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நல்ல நேரம் பார்த்து அனுப்பியதுதான் எங்களுக்குக் கெட்ட நேரமாகிவிட்டது. அந்த சீசன் அண்ணாச்சியின் காலில்தான் ஓடியது.

சீசன் ஓய்ந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். எங்கள் வெப்சைட்டை வைத்திருந்த சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டால், அங்கே இருந்தவருக்கு எஸ்.பி.எஃப். என்றால் என்ன என்று தெரியவில்லை. "நெட்ல பார்த்துச் சொல்றேன் மேடம்" என்றார். பார்த்தார், நல்ல மனிதர். எங்கள் பெயரில் அனுப்பக்கூடியது அவர்களுடைய சர்வர் மட்டும்தான் என்று முடிவு செய்து, சி.டி.யைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த ஒற்றை வரியை எழுத்து எழுத்தாகப் போனில் சொல்லி ஏற்றினோம். வரியின் கடைசியில் ஒரு சின்னக் குறி வரும். சுருள் கோடு போட்டால், பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வந்ததைச் சந்தேகப்படு என்று அர்த்தம். நேர்கோடு போட்டால், திருப்பி அனுப்பு என்று அர்த்தம். முதலில் சுருள் கோடு போட்டு, எங்கள் மெயில் எதுவும் அடிபடவில்லை என்று நிச்சயமான பிறகு நேர்கோட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு மாற்றமும் உலகம் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். காத்திருந்து, எனக்கு நானே மெயில் அனுப்பி, தலைப்பகுதியைத் திறந்து பார்ப்பேன். 'பாஸ்' என்று முதல்முறை பார்த்தபோது சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு மெயிலிலும் எங்கள் டொமைனின் சாவியால் கையெழுத்து விழும் டி.கே.ஐ.எம். என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. அதையும் போட்டேன்.

வரி போட்டால் மட்டும் போதாது. யார் அனுப்புகிறார்கள் என்பதுதான் அதில் தெரியும், அனுப்புகிறவர் யோக்கியமா என்பது தெரியாது. அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பழக்க வேண்டும், ஜனங்கள் திறந்து படிக்க வேண்டும், பதில் போட வேண்டும். வைகாசியிலிருந்தே ஆல்பத்தைப் பகுதி பகுதியாக அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஆடி பதினெட்டுக்கு முன்னாடி ஆல்பத்தைக் காட்டுறதா? நீ எந்த ஊரு? விருதுநகர்தான?"

அவர் போனதும் அண்ணாச்சி ஸ்டூலை இழுத்தார். "ஆல்பம் அனுப்பாட்டி என்ன தாயி? சும்மா நலம் விசாரிச்சு நாலு வரி போடுவோம். நான் கடைக்குப் போனா மொதல்ல காலண்டரையா எடுக்கேன்?"

அன்றைக்குத் தொடங்கியது. மத்தியானம் அவர் தூக்குச்சட்டியோடு வந்து உட்காருவார். சாப்பிட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் அடிப்பேன். 'கண்ணுக்குச் சொட்டு மருந்து நிறுத்தியாச்சா? தூசியில் நிற்காதீர்கள்.' 'பேத்தி பத்தாவதில் என்ன மார்க்?' 'நடுச்சுவரை இடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், நல்ல காரியம்.' ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மெயில். முதலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு, பிறகு பத்திருபது. கீழே 'பெருமாள்சாமி' என்று அவர் பெயர். பதில்கள் வரத் தொடங்கின. வாசித்துக் காட்டுவேன். "ஏ அப்பா, பாரேன், அந்த மனுசன் எழுதியிருக்காரே!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். நான் என் டப்பாவிலிருந்து அவருக்கு ஊறுகாய் வைப்பேன். என் வேலைக்காலத்தில் நான் தனியாகச் சாப்பிடாத மாதங்கள் அவைதான்.

ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன். "அண்ணாச்சி, இது ஒழுங்கா அமைஞ்சிட்டா உங்க லைன் போயிரும். தெரியும்ல?"

"தெரியாமலா உக்காந்திருக்கேன்?" என்றார். "லைன் போனாப் போகட்டும். நம்ம கம்பெனி பேரு குப்பையில கெடந்ததை என் கண்ணால பாத்தேன் தாயி. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

அடுத்த ஆடி பதினெட்டில், நல்ல நேரத்தில் முதல் மெயிலை மட்டும் அனுப்பி முதலாளியைச் சமாதானப்படுத்தினேன். மிச்சத்தைப் பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்து அனுப்பினேன். முதல் தொகுதி போய் டீ குடிப்பதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் இன்பாக்ஸில். அந்த வாரம் முழுக்க ஆர்டர் வந்தது. முதலாளி வந்து நின்று, காலண்டரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார்.

தீபாவளிக்கு அண்ணாச்சிக்கு வேஷ்டி சட்டை வைத்துக்கொடுத்து, "இனி வீட்டுல நிம்மதியா இருக்கலாம்ல?" என்றார் முதலாளி. அண்ணாச்சி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். என் அறைக்கு வந்து, "வரட்டா தாயி?" என்றார். அந்த ஸ்டூலை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப்போனார்கள்.

அண்ணாச்சி பெயரில் போகும் மெயில் நிற்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விருதுநகரிலிருந்து மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறி, வந்த பதில்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் வாசித்தேன். அவர் சொல்லும் பதிலைக் குறித்துவந்து திங்கட்கிழமை அடித்தேன். ஒரு வரிகூட நானாகச் சேர்த்ததில்லை. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. போக எனக்கு வேறு வீடு இருந்ததில்லை, அதனால் போனேன்.

ரெண்டு மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு ஆனி மாதம், விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து அண்ணாச்சி இறந்துபோனார். அவர் மகன் பிரஸ்ஸுக்குத் தகவல் சொன்னான். கஸ்டமர்களுக்கு மெயில் போடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் யோசித்தார்.

"ஆடி வரப்போகுது. சாவு சேதியில கம்பெனி பேரைப் போடணுமா? உன் பேரைப் போட்டு அனுப்பிக்கோயேன்?"

அப்படித்தான் அனுப்பினேன். 'பெருமாள்சாமி அண்ணாச்சி இன்று காலை காலமானார்' என்று எழுதி, கீழே 'தமயந்தி' என்று போட்டேன். எத்தனையோ மெயில் அடித்திருக்கிறேன், என் பெயரை ஒன்றில்கூடப் போட்டதில்லை. அனுப்பிவிட்டு, எனக்கு வந்த பிரதியைத் திறந்து தலைப்பகுதியைப் பார்த்தேன். எஸ்.பி.எஃப். பாஸ். டி.கே.ஐ.எம். பாஸ். எல்லாருக்கும் இன்பாக்ஸில்தான் போயிருக்கும் என்று தெரிந்தது. அழுதுகொண்டே பதிலுக்குக் காத்திருந்தேன்.

பதில் வரவில்லை. முன்பக்க ஆபீஸில் போன் மேல் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி வாசற்படிக்கு வந்தார்.

"தேனிக்காரரு லைன்ல இருக்காரு. நீயே பேசுறியா?"

அந்த ஜவுளிக்கடைக்காரர் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"வணக்கம்மா. எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. யாரோ தமயந்தின்னு போட்டு, அண்ணாச்சி தவறிட்டாருன்னு இருக்கு. உங்க கம்பெனி பேர்ல எவனாச்சும் வெளையாடுறானா? மத்த கடைக்காரங்களும் கேக்குறாங்க, யாருக்கும் அந்தப் பேரு தெரியல."

"உண்மைதாங்க. இன்னைக்கு விடியக்காலம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அழுகிறார் என்று நினைக்கிறேன்.

"நீங்க யாரும்மா பேசுறது?"

"நான்தாங்க தமயந்தி."

"புதுசாச் சேர்ந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. நீங்க இங்க காலண்டர் அடிக்க ஆரம்பிச்சதுக்கு முன்னாடியிருந்தே இருக்கேன்."

"அப்படியா?" என்றார், நம்பாதவர்போல. "அண்ணாச்சி வந்து உக்காந்தா உங்க பிரஸ் கதை பூராச் சொல்வாரு. வாட்ச்மேன் வளர்க்கிற நாய் பேரு வரைக்கும் எனக்குத் தெரியும். உங்களைப் பத்தி ஒருநாளும் சொன்னதில்லையேம்மா."

அவர் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாயங்காலம் எடுக்கப்போகிறார்கள், மல்லாங்கிணறு பஸ் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும், இப்போதே கிளம்பினால் முகம் பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மற்ற கடைக்காரர்களிடம் யார் சொன்னது என்று சொல்ல வேண்டுமே என்று என் பெயரை இன்னொருமுறை கேட்டார்.

"தமயந்தி" என்றேன்.